முதல் வரிசைக் கைகள்

பிஷ்கேக்,
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணிக்கு,

மினிபஸ் ஓட்டும் எசென் அண்ணனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலம் கிடைத்தது. வெண்ணெய் உருகவில்லை. காய்ந்த தயிருருண்டைகளில் சில நொறுங்கியிருந்தன. நன்றி.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். நம் வீட்டில் சமையலறை ஜன்னலோரத்தில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே பேசினால் அப்பாவுக்குக் கேட்கும். அதோடு எனக்குப் பேச வராது. அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

தங்கச் சுரங்கக் கம்பெனி அரசாங்கத்திடம் கொடுத்த வீடியோவை நேற்று எங்கள் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் போட்டுப் பார்த்தோம். 'ஜெல்தெபே கிராமத்தின் சம்மதம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் நம் புல்வெளி. தட்டு தட்டாகக் குதிரைக் கறி. கம்பெனி மேலாளர் அக்கில்பெக் முழங்காலை ஒழுங்காக மடித்து அப்பாவின் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "பெரியவரே, மேல பனிக்கு அடியில இருக்குற தங்கத்தத் தோண்டப் போறோம். ஒங்க வாயால ஒரு ஆசி சொல்லுங்க" என்கிறார். அப்பா உள்ளங்கைகளை விரிக்கிறார். "பாதை தெறக்கட்டும். எடுத்த வேல கைகூடட்டும். போன காலு நல்லபடியா திரும்பட்டும்." ஊரே கையை விரித்து, அப்படியே ஆகட்டும், ஓமீன் என்கிறது. எல்லாரும் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதோடு வீடியோ முடிகிறது.

முதல் வரிசையில் நீங்கள். நான் வாங்கிக் கொடுத்த மஞ்சள் பூப்போட்ட சால்வை. உங்கள் கைகள் சிவந்திருந்தன. வேறு யாருடைய கையும் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் லாரிசா, "யாரு இந்தப் பொண்ணு? நல்லா விழுந்திருக்கே படத்துல" என்றாள். தெரியாது என்றேன்.

ஜூலையில் பள்ளிக்கூடத்தில் நாம் பெண்களைக் கூட்டியபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. நீங்கள்தான் என் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, "இவ படிச்சவ, தொண்ட அடச்சுக்கிச்சு. நான் படிக்காதவ, எனக்குத் தொண்ட மட்டும்தான் இருக்கு, கேளுங்க" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள், பிறகு கேட்டார்கள். பனியைத் தோண்டினால் நம் ஓடைக்குத் தண்ணீர் இல்லை, ஓடை இல்லையென்றால் ஊர் இல்லை என்று அவ்வளவு எளிதாக எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

நீங்கள் ஏன் கையைத் தூக்கினீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். கோபம் இல்லை. நேற்றிலிருந்து கோபம் வரும் என்று காத்திருக்கிறேன், வரவில்லை. வேலைக்குப் போகிறேன், ரொட்டி வாங்குகிறேன், திரும்பி வருகிறேன்.

சைக்கால்


ஜெல்தெபே,
அக்டோபர் 29

எழுத்துப் பெண்ணே,

நீ 'அன்புள்ள' என்று ஆரம்பித்திருந்தாய். நான் இந்தத் தடவை அப்படி ஆரம்பிக்கப் போவதில்லை.

எசென் உன் உறையைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, "என்ன, பட்டணத்துல மாப்பிள பாத்துட்டாளா? இவ்ளோ கனக்குது?" என்றான். "ஆமா, ஒன் வண்டியவிட மெதுவா ஓடுறவன்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே போனான். நான் மாட்டுக்கொட்டிலுக்குப் போய்ப் படித்தேன்.

என்னைத் தெரியாது என்று சொல்லியிருக்கிறாய். அதை எனக்கே எழுதியும் இருக்கிறாய். சரி.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். கம்பெனிக்காரர்கள் குதிரையைக் கொண்டுவந்து வெட்டினார்கள். விருந்து எவன் வைத்தாலும் குடல் கழுவுவது இந்த ஊர் மருமகள்கள்தான். விடிந்ததிலிருந்து ஓடையில் நின்றோம். பனியிலிருந்து நேராக வருகிற தண்ணீர் உனக்குத் தெரியும். முதலில் வலிக்கும். பிறகு வலியும் இருக்காது. விரல் அதுபாட்டுக்கு வேலை செய்யும், யாருடைய விரலையோ பார்ப்பது போல நாம் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்போது அந்த அக்கில்பெக் ஓடைக்கே வந்தான். "அண்ணி, கை இப்பிடி வெறச்சுப் போச்சே. முன்னாடி வந்து தேத்தண்ணி கொதிக்கிற சமோவார் பக்கத்துல ஒக்காருங்க" என்றான். என் கையைப் பற்றி யாராவது கேட்டு ரொம்ப நாளாகிறது. போய் உட்கார்ந்தேன். என்னை எதற்கு அங்கே உட்காரவைத்தான் என்பது உன் கடிதம் வந்தபிறகுதான் புரிந்தது. ஜூலைக் கூட்டத்தில் பேசியவள் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். ஆனால் சொல்லுகிறேன், அவன் கெட்டவனாகத் தெரியவில்லை. அதுதான் கஷ்டம்.

மாமா கையை விரித்தார். உன் அப்பா கையை விரித்து நீ விரிக்காமல் இருந்திருக்கிறாயா, ஒரு நாளாவது? என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டுவிட்டா தூக்குகிறோம்? அவர் கை எழும்பும்போதே நம் கையும் எழும்பிவிடும். என் கையும் மேலே போனது. எனக்கு அது மரத்துத்தான் இருந்தது.

ஆனால் இதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நெஞ்சில் கிடக்கும். 'பாதை தெறக்கட்டும்' என்று மாமா சொன்னபோது எனக்கு உன் அண்ணன் வரும் பாதைதான் கண்ணில் தெரிந்தது. அவர் ருஷ்யாவுக்கு லாரி ஓட்டப் போய் நாலு வருஷம். கம்பெனிக்கு டிரைவர்கள் வேண்டும் என்று அன்று சாப்பாட்டுக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். எனக்கு முப்பத்து மூன்று வயது. போனில் பிள்ளை பிறக்காது.

அதற்காகத் தூக்கினாயா என்றால், இல்லை. தூக்கியபின் இறக்கவில்லை. அவ்வளவுதான்.

சால்வையை இந்தத் தடவை துவைத்து மடித்து வைத்துவிட்டேன்.

கன்ஷாயிம்


பிஷ்கேக்,
நவம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் அலுவலக விஷயத்தையே எழுதுகிறேன்.

சட்டப்படி இப்படிப்பட்ட கூட்டத்தை முன்கூட்டியே ஊருக்கு அறிவிக்க வேண்டும். கம்பெனி அறிவித்தது விருந்தைத்தான், கூட்டத்தை அல்ல. அதனால் இன்னொரு கூட்டம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்கலாம். மனுவை நான் எழுதிவிட்டேன். ஆனால் மறு கூட்டம் நடந்தால் அதில் அதிகாரி முன்னால் எழுந்து 'எங்களுக்குச் சம்மதமில்லை' என்று ஊர்க்காரர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் பழைய சம்மதமே நிற்கும். மே மாதம் இயந்திரங்கள் மேலே ஏறும்.

மனு கொடுக்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி என் பெயரைப் பார்த்தார். "ஷெர்ஷென் பெரியவர் மகளா நீ? ஒங்கப்பாவே ஆசி குடுத்துட்டாரே, நீ எதுக்கும்மா மூச்சு வாங்குற?" என்றார். பிறகு, "எப்படியும் உருகிப் போற பனிதான? அதுக்கு முன்னாடி அடியில இருக்குறத எடுத்துக்கிட்டா என்ன தப்பு?" என்று கேட்டார். நம் அடுப்புப் புகையால் அது உருகவில்லை, யாரோ எங்கேயோ எரித்ததற்கு நம் ஓடை வற்றுகிறது, இப்போது மிச்சத்தையும் நாமே கொடுக்க வேண்டுமா என்று எனக்குப் பதில் இருந்தது. படிக்கட்டில் இறங்கும்போதுதான் அது வாய்க்கு வந்தது.

வீடு வீடாகப் போய்ப் பேச நீங்கள்தான் வேண்டும். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரியும். என்னால் முடிந்தது எழுதுவது மட்டும்.

இங்கே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயலாதீர்கள்.

இங்கே நிலக்கரிப் புகை இறங்கிவிட்டது. எதிர்க் கட்டடம் தெரிவதில்லை. ஜன்னலில் துணியைத் திணித்துவிட்டுத் தூங்குகிறோம்.

சைக்கால்


ஜெல்தெபே,
டிசம்பர் 3

எழுத்துப் பெண்ணே,

அடித்த வரியை விளக்குக்கு எதிரே பிடித்துப் படித்துவிட்டேன். 'அண்ணன் வருவதை நான் தடுப்பதாக நினைக்கிறீர்களா' என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், நினைக்கிறேன். நினைத்துக்கொண்டேதான் வீடு வீடாகப் போனேன்.

முதலில் பக்கத்து வீட்டுச் சினார் அக்கா. கதவைத் திறந்ததும், "வாடி, ஓடைத் தலைவி. ஒரு கையால ஓமீன் சொல்லிட்டு இன்னொரு கையால ஒழிகன்னு சொல்ல வந்தியா?" என்றாள்.

"ரெண்டு கையாலயும்தான் சொன்னேன் அக்கா. நீங்களும் சொன்னீங்க."

"சொன்னேன். எலும்பையும் உறிஞ்சுனேன். அவன் கறி இன்னும் என் பல்லிடுக்குல இருக்கு. அத வெச்சுக்கிட்டு அவன எதுத்து எப்பிடிடி வாயத் தெறக்குறது? வாய் கோணிக்கும்."

எல்லா வீட்டிலும் இதேதான். பணத்துக்கு ஆசைப்பட்டு யாரும் பேசவில்லை. கம்பெனிக்குப் பயந்தவர்களும் குறைவு. போன கோடையில் ஆகஸ்டிலேயே வாய்க்கால் நின்றுபோனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது, உருளைக்கிழங்கு கோலிக்குண்டு அளவில் வந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் தின்றாயிற்று, பெரியவர் வாயால் ஆசி போயாயிற்று, எல்லாரும் ஓமீன் சொல்லியாயிற்று. நீ எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தாலும் அது இந்த மூன்றுக்கும் அப்புறம்தான்.

அதனால் வேரிலேயே கேட்போம் என்று மாமாவிடம் போனேன். தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மாமா, அந்த ஆசியத் திரும்ப எடுத்துக்க முடியாதா?" என்றேன்.

"துப்புன எச்சியத் திரும்ப முழுங்கச் சொல்றியா?"

பிறகு அவராகவே, "நான் சாப்பாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றார்.

"இல்ல மாமா. வேலைக்குச் சொன்னீங்க. 'எடுத்த வேல கைகூடட்டும்'னு சொன்னீங்க."

இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. அவர் கோபப்படவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பாதி தேநீர் அப்படியே இருந்தது. நான் அதைக் கொட்டாமல் ரொம்ப நேரம் வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

உன் அண்ணன் கூப்பிட்டார். கம்பெனியில் அவருக்கு ஒரு வண்டி என்று பேசிவைத்திருக்கிறார்களாம், கோடையில் வந்துவிடலாமாம். அவர் குரல் சந்தோஷமாக இருந்தது. நான் வீடு வீடாகப் போகிறேன் என்று சொல்லவில்லை. மாடு கன்று ஈனப்போகிறது என்று சொன்னேன்.

கணவாயில் பனி விழ ஆரம்பித்துவிட்டது. இனி வழி திறந்திருந்தால்தான் எசென் வருவான்.

கன்ஷாயிம்


பிஷ்கேக்,
பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

மறு கூட்டத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஏப்ரல் பத்தாம் தேதி, ஜெல்தெபேயில், அதே புல்வெளியில். அலுவலகத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு யார் எழுந்து பேசப் போகிறார்கள் என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சம்மதமில்லை என்று ஒருவரும் சொல்லாவிட்டால் இது கடைசி. இனி மனு கிடையாது.

புத்தாண்டு அன்று வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். "அப்பா, நான் சைக்கால்" என்றேன். அவர் மூச்சு கேட்டது. பிறகு போனை உங்களிடம் கொடுத்துவிட்டார். நீங்கள் "நல்லா இருக்கியா" என்றீர்கள், நான் "நல்லா இருக்கேன்" என்றேன். பேசியதெல்லாம் அவ்வளவுதான்.

அப்பா என்னிடம் பேசாததில் எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருக்கிறது.

லாரிசா அந்த வீடியோவை மறுபடி போட்டாள். கூட்டத்துக்கு முன் எல்லா முகங்களையும் அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டுமாம். உங்கள் இடம் வந்ததும், "இது என் அண்ணி" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். படத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

ஏப்ரலுக்கு நான் வரட்டுமா? எழுந்து பேச முயல்வேன். முடியும் என்று சொல்லவில்லை.

சைக்கால்


ஜெல்தெபே,
மார்ச் 9

எழுத்துப் பெண்ணே,

நேற்று பெண்கள் தினம். சினார் அக்கா வீட்டில் கூடினோம். அவளே கேக் செய்திருந்தாள், உள்ளே வேகவில்லை. உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். ஏப்ரல் பத்து, யாராவது வாயைத் திறக்க வேண்டும் என்று சொன்னேன். எல்லாரும் கிண்ணத்துக்குள் பார்த்தார்கள்.

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "என்னமோ தின்னோம் தின்னோம்னு சாகுறீங்களே. தின்னதத் திருப்பிக் குடுத்துட்டா?" என்றேன்.

"வாந்தி எடுக்கச் சொல்றியா? கேக்கத் தின்னா தானா வரும்" என்றாள் ஒருத்தி. சினார் அக்கா அவள்மேல் கரண்டியை எறிந்தாள். சிரிப்பெல்லாம் அடங்கினபிறகு அவளே, "இல்லடி. இவ சொல்றதுல ஒண்ணு இருக்கு. அவன் குதிர வெட்டிப் போட்டான், நாம வாயக் கட்டிக்கிட்டோம். நாம குதிர வெட்டி அவனுக்குப் போட்டா? அவன் நம்ம கறியத் தின்னுட்டா கணக்கு நேராயிடும்ல? அப்புறம் அவன் வாய்க்கு அவன், நம்ம வாய்க்கு நாம" என்றாள்.

"யார் குதிர?" என்று கேட்டதும் மறுபடி எல்லாரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். ஆடு தருகிறேன் என்றார்கள், மாவு தருகிறேன் என்றார்கள். குதிரைக்கு ஆடு ஈடாகாது.

வீட்டுக்கு வந்து மாமாவுக்குச் சூப் வைத்தேன். அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சினார் அக்காவின் குரல்தான் சுவர் தாண்டி வந்திருக்க வேண்டும். சாப்பிட்டு முடித்துவிட்டு வெளியே போனார். பழுப்புக் குதிரையின் கட்டை அவிழ்த்தார். முற்றத்தில் ஒரு சுற்று நடத்திக் கூட்டிவந்தார். குளம்பைத் தூக்கிப் பார்த்தார். திரும்பக் கட்டினார். உள்ளே வந்து, "ஏப்ரல் வரைக்கும் அதுக்கு ஓட்ஸ் கூடப் போடு. மெலிஞ்ச கறியப் போட்டா திருப்பிக் குடுத்ததா ஆகாது" என்றார்.

அது எந்தக் குதிரை என்று உனக்குத் தெரியும். நான் சொல்லத் தேவையில்லை.

நீ வராதே. அக்கில்பெக் ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிறான், பட்டணத்தில் வெளிநாட்டுச் சம்பளம் வாங்கும் ஒரு பெண்தான் எல்லாரையும் தூண்டிவிடுகிறாள் என்று. நீ புல்வெளியில் நின்றால் அதிகாரி உன்னைத்தான் பார்ப்பார், எங்களைப் பார்க்க மாட்டார். உனக்கு இது கஷ்டம்தான். நீ பேசிவிடுவாய் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் வராதே.

உன் அண்ணன் ஊருக்கு வர ஒரு பெரிய பை வாங்கியிருக்கிறாராம்.

கன்ஷாயிம்


பிஷ்கேக்,
மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தக் குதிரை வேண்டாம்.

அம்மா இறந்தபோது சாவு விருந்துக்கு வெட்ட எங்களிடம் குதிரை இல்லை. மாடு வெட்டினோம். நீங்கள் அப்போது நம் வீட்டுக்கு மருமகளாக வந்திருக்கவில்லை. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் தட்டைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த வருஷமே அப்பா இந்தக் குதிரையைக் குட்டியாக வாங்கினார். "இது எனக்கு. என் சாவுக்கு வர்றவங்க வயிறு நெறஞ்சு போகணும்" என்றார். மேய்ச்சலுக்குக்கூட வேறு ஆளிடம் விட்டதில்லை. அவர் தன் சாவையே எடுத்து அந்த ஆளுக்குப் பரிமாறப் போகிறார்.

இதை அப்பாவிடம் சொல்லுங்கள் என்று எழுத வந்தேன். எழுதியபின் தெரிகிறது, இது எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் வரவில்லை. பத்தாம் தேதி அலுவலகத்தில் இருப்பேன். எசென் அண்ணனின் மைத்துனன் படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.

அண்ணி, நீங்கள் அன்று பேசினாலும் பேசாவிட்டாலும், கையைத் தூக்கினாலும் தூக்காவிட்டாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். கம்பெனி வேலை போனால் அண்ணன் வர மாட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் மனு எழுதினேன். இந்த வரியை அடிக்கவில்லை.

சைக்கால்


ஜெல்தெபே,
ஏப்ரல் 17

அன்புள்ள எழுத்துப் பெண்ணுக்கு,

நீ படத்தில் பார்த்திருப்பாய். படத்தில் இல்லாததை எழுதுகிறேன்.

விடிந்ததும் ஓடைக்குப் போனோம். பழுப்புக் குதிரையின் குடலை நான்தான் கழுவினேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. இந்த வருஷம் ஏப்ரலிலேயே தண்ணீர் கலங்கலாக வருகிறது, மேலே சீக்கிரம் உருகுகிறது போல. ஆனால் குளிர் குறையவில்லை. கை பழையபடி மரத்துப்போனது.

கம்பெனிக்காரர்களும் அதிகாரியும் வந்து இறங்கியதும் மாமா எதிரே போய், "முதல்ல சாப்பாடு, அப்புறம் பேச்சு" என்றார். அதிகாரி சந்தோஷமாக உட்கார்ந்தார். அக்கில்பெக் உட்காரவில்லை. அவன் நம் ஆள், ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டான். கறித்தட்டைப் பார்த்தபடி நின்றான். மாமா இடுப்பெலும்பை, தனக்கு வரவேண்டிய துண்டை, தன் கையால் எடுத்து அவன் முன்னால் வைத்தார். "சாப்புடுங்க தம்பி. போன தடவ நாங்க சாப்ட்டோம்" என்றார். வைத்த சோற்றைத் தட்டிவிட்டுப் போகிறவனாக அவன் வளரவில்லை. உட்கார்ந்து தின்றான். கடைசிவரை தின்றான். சினார் அக்கா அவன் மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் ஆரம்பித்ததும் அவள்தான் முதலில் எழுந்தாள். "என் பல்லுல இருந்தது போயிடுச்சு. இப்பப் பேசலாம். எங்களுக்குச் சம்மதமில்ல" என்றாள். அதிகாரிக்கு முதல் பாதி புரியவில்லை, இரண்டாவது பாதியை எழுதிக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். ரொம்பப் பேசவில்லை. ஓடை, உருளைக்கிழங்கு, மாடு, சம்மதமில்லை. 'உருகுற பனிதானே' என்று, மனு கொடுத்த இடத்தில் உன்னிடம் கேட்ட அதே கேள்வியை இந்த அதிகாரியும் கேட்டார். உன் கடிதத்தில் படிக்கட்டில் வந்த பதிலை நான் எழுந்து சொன்னேன். நீ எழுதினபடியே சொன்னேன், உன் பெயரைச் சொல்லவில்லை.

கடைசியில் அக்கில்பெக் அதைச் செய்தான். படத்தில் அது தூரமாகத்தான் தெரியும். மாமா பக்கம் திரும்பி உள்ளங்கைகளை விரித்தான். "பெரியவரே, நல்லபடியா சாப்ட்டோம், பேசினோம். ஒரு ஆசி சொல்லி முடிச்சு வைங்க" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான்.

எனக்குக் கை மடியில் இருந்தது. அதே முதல் வரிசை. இந்தத் தடவை நானாகவே போய் உட்கார்ந்த இடம். தூக்காமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. மரத்த கையும் கனக்கிறது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கை இரண்டும் முழங்கால்மேல் இருந்தன. அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் கையும் கீழேயே இருந்தது. சினார் அக்கா தன் கைமேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அக்கில்பெக்கின் கை மட்டும் காற்றில் நின்றது. விரித்த கையை எப்படி மூடுவது என்று அவனுக்கும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கடைசியில் தானே ஓமீன் என்று முணுமுணுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகக்கூட இல்லை, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை.

முடிவை இலையுதிர் காலத்தில் சொல்வார்களாம். அதுவரை எந்த இயந்திரமும் மேலே ஏறாது. ஜெயித்தோமா என்று ஊரில் கேட்கிறார்கள். தண்ணீர் வருகிறது என்று சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் மாமா குதிரைக் கயிற்றைச் சுருட்டிக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். "கொடி கட்டிக்க" என்றார். துவைத்த துணியை இப்போது அதில்தான் காயப் போடுகிறேன். மஞ்சள் சால்வையும் அதில் கிடக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் அவர் ஆசி சொல்வது நின்றுபோயிற்று. எழுந்து போய்விடுகிறார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் பாத்திரத்தை எடுக்கிறேன். நேற்று மட்டும், "அவ எப்ப வர்றா?" என்று கேட்டார். நீ எழுது, எப்போது வருகிறாய் என்று.

டிரைவர் வேலைக்கு இனி நம் ஊர் ஆட்கள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. உன் அண்ணன் முந்தாநாள் கூப்பிட்டார். படம் அவருக்கும் போயிருக்கிறது.

"பாத்தேன்" என்றார். "ஒன் கையத் தேடுனேன். தெரியலையே."

"மடியில இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் கேட்டது. வைக்கட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கன்ஷாயிம்